சொத்தும் பங்காளிகளும்: கும்பகோணம் வகுப்புத் தொடர் ஒன்றின் மதிப்புரை

கும்பகோணத்தில் மகாமகக் குளத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள ஒரு மாடிக்கூடத்தில், சிறிய வாசகர் குழு ஒன்று ஞாயிற்றுக்கிழமை முற்பகல்களில் கட்டண வகுப்புத் தொடர் ஒன்றை நடத்தி வருகிறது. நிலத்தையும் பொருளையும் ஒருவர் தம்முடையது என்று சொல்வதற்கு என்ன நியாயம் இருக்கிறது, அந்த நியாயத்தை மறுத்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதே தொடரின் பொருள். மொத்தம் எட்டு வகுப்புகள். ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம் நடக்கிறது. கட்டணம் 1,200 ரூபாய். மாணவர்களுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் அதில் பாதி. அச்சிட்ட வாசிப்புத் தொகுப்பு ஒன்றும், இடைவேளையில் காப்பியும் கட்டணத்தில் அடங்கும். சட்டக் கல்லூரி மாணவர்கள், வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், வலங்கைமான், திருவிடைமருதூர்ப் பக்கத்துக் குத்தகை விவசாயிகள், தொழிற்சங்கத்தார் என்று பலதரப்பட்டவர்களும் வந்து அமர்கிறார்கள். இந்தக் கலவையே தொடரின் முதல் சிறப்பு.

சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கட்டாயம் சேருங்கள் என்பதுதான். ஆனால் எல்லா வகுப்புகளும் ஒரே தரத்தில் இல்லை. எவை செறிவானவை, எவை அவசரமாக முடிக்கப்பட்டவை என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. இதை அளக்க நான் கையில் வைத்திருக்கும் அளவுகோலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலம் தனியாருக்கா பொதுவுக்கா என்ற கேள்வியோடு நின்றுவிடும் வகுப்பு காவிரிப் படுகைக்குப் போதாது. இங்கே தனியுடைமையும் இருந்திருக்கிறது, கூட்டுடைமையும் இருந்திருக்கிறது. இரண்டிலும் வயலில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் பங்காளிகளாக எண்ணப்படவில்லை. ஆகவே, ஒவ்வொரு தத்துவவாதியிடமும் அவர் யாரைப் பங்காளியாக எண்ணினார், யாரை எண்ணாமல் விட்டார் என்று கேட்கும் வகுப்பே நமக்குப் பயன்படும். இந்தத் தொடர் சில இடங்களில் அதை மிக நன்றாகக் கேட்கிறது. சில இடங்களில் கேட்கத் தவறுகிறது.

முதல் வகுப்பு பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும். பிளேட்டோ தம் இலட்சிய நகரத்தில் காவலர் வகுப்புக்கு மட்டுமே சொந்த உடைமையை மறுத்தார், எல்லோருக்கும் மறுக்கவில்லை என்பதை ஆசிரியர் தெளிவாக எடுத்துச் சொன்னது நன்று. பலரும் இதைத் தவறாகவே சொல்லிவருகிறார்கள். பலருக்குப் பொதுவானதை யாரும் அக்கறையாகக் கவனிப்பதில்லை என்று அரிஸ்டாட்டில் பதிலளித்தார். உடைமை தனியாக இருக்கட்டும், பயன்பாடு பொதுவாக இருக்கட்டும் என்பது அவர் கண்ட வழி. ஊருணியில் நிறைந்த நீரைப் போன்றது அறிவுடையவன் செல்வம் என்னும் குறளைத் தொகுப்பில் இதன் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பொருத்தம் அழகானதே. ஆனால், ஸ்பார்ட்டாவில் ஒருவர் மற்றவருடைய அடிமைகளையும் குதிரைகளையும் நாய்களையும் தம்முடையவை போலவே பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதை அரிஸ்டாட்டில் பொதுப் பயன்பாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார். அந்த வரிசையில் முதலில் நிற்பது மனிதர் என்பதை வகுப்பு கவனிக்காமல் கடந்துவிட்டது.

இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்குக்கு உரியவை. தொடரின் முதற்பாதியைத் தாங்கி நிற்பவை இவை இரண்டும்தான். 1689இல் வெளியான அரசாங்கம் பற்றிய அவருடைய இரண்டாம் ஆய்வுரையின் ஐந்தாம் அத்தியாயத்தைப் பத்தி பத்தியாக வாசித்தோம். பூமி ஆதியில் எல்லோருக்கும் பொது. ஆயினும் தன் உடல் தனக்கே உரியது. அந்த உடலின் உழைப்பை ஒருவன் ஒரு பொருளோடு கலக்கும்போது அது அவனுடையதாகிறது. இதற்கு லாக் இரண்டு வரம்புகள் வைக்கிறார்: எடுத்தது கெட்டு வீணாகக்கூடாது, மற்றவர்களுக்குப் போதிய அளவும் அதே தரத்திலும் மிச்சம் இருக்க வேண்டும். பிறகு பணம் வருகிறது. பொன்னும் வெள்ளியும் கெட்டுப்போகாதவை என்பதால், முதல் வரம்பை மீறாமலே ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ள வழி பிறக்கிறது. நெல்லைக் குதிரில் வைத்தால் அந்து விழும், பணமாக்கி வைத்தால் விழாது என்று ஆசிரியர் சொன்னபோது அந்த வாதம் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் உடனே பிடிபட்டது.

அதே அத்தியாயத்தில் ஒரு வரி உண்டு. என் குதிரை மேய்ந்த புல்லும், என் வேலையாள் வெட்டிய புல்கரணையும் (புல்லோடு பெயர்த்த மண்கட்டி), நான் தோண்டிய தாதும் யாருடைய சம்மதமும் இன்றி என் சொத்தாகின்றன என்கிறார் லாக். இதை வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்த முதிய குத்தகைக்காரர் ஒருவர் கேட்டார்: "தம்பி, அந்த வேலையாளுக்கும் உடம்பு அவனோடதுதானே? அவன் உழைப்பைக் கலந்தா மட்டும் ஏன் மொதலாளிக்குப் போவுது?" ஆசிரியர், "ஐயா, இந்த அத்தியாயத்தின் மேல் இன்றுவரை நடக்கும் விவாதத்தின் மையமே இதுதான்" என்று சொல்லிவிட்டு, அன்று எஞ்சியிருந்த நேரம் முழுவதையும் அதற்கே கொடுத்தார். பாடத்திட்டத்தை நிறுத்திவைத்துக் கேள்வியின் பின்னால் போகும் ஆசிரியர் கிடைப்பது அரிது.

அந்த விவாதத்தில் கிடைத்தவை ஏராளம். கூலி ஒப்பந்தத்தின் மூலம் வேலையாள் தன் உழைப்பைக் கைமாற்றிவிட்டான் என்பது லாக்கின் பக்கம் நிற்பவர்கள் சொல்லும் விடை. ஒப்பந்தம் செய்யும் நிலையில் அவன் இருந்தானா என்பது எதிர்க்கேள்வி. பழைய தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாட்களுக்கு அந்தக் கேள்வி நேராகப் பொருந்தும். கடனாலும், குடியிருந்த மனைக்கட்டு மிராசுதாரருடையதாக இருந்ததாலும், சாதியின் கட்டாலும் பிணைக்கப்பட்டிருந்தவர் வேறு பண்ணைக்குப் போவதே எளிதாக இல்லை. 1952இல் ராஜாஜி ஆட்சியில் வந்த தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், விருப்பப்படி வெளியேற்றுவதைத் தடுத்தபோது, லாக்கின் வேலையாளை முதன்முறையாக உரிமையுள்ள ஆளாக எண்ணியது என்றே நான் கொள்கிறேன். பயன்தரும் பொருள்களின் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கு, இன்னும் சரியாகப் பார்த்தால் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு உழைப்பால் வந்தது என்று லாக்கே எழுதுகிறார். அவர் கணக்கை அவர் வழியிலேயே கொண்டுபோனால் நடவு நட்டவர்களிடமும் அறுத்தவர்களிடமும்தான் போய் நிற்க வேண்டும். அவர் அங்கே போகவில்லை.

லாக்கின் மறுபக்கமான 'வெற்று நிலம்' பற்றியும் மூன்றாம் வகுப்பு பேசியது. ஆதியில் உலகம் முழுவதும் அமெரிக்காவாகவே இருந்தது என்று எழுதியவர் அவர். வேலியிட்டு உழாத நிலம் வீணாய்க் கிடக்கும் நிலம் என்ற அவருடைய கருத்து, அங்கிருந்த பூர்வகுடிகளின் நிலங்களைக் குடியேறிகள் எடுத்துக்கொள்ள நியாயமாக அமைந்தது. கரோலினா குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்குச் செயலராக இருந்தவர் லாக் என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. நம் பக்கத்து மேய்க்கால் புறம்போக்குகளும் ஏரி உட்பகுதிகளும் இப்படித்தான் 'சும்மா கிடப்பவை' என்று கருதப்பட்டுப் பட்டாவுக்குள் போய்ச் சேர்ந்தன. ஆடுமாடு மேய்த்துப் பிழைத்தவர்களுக்கு அவை சும்மா கிடந்தவை அல்ல. இந்த இணைப்பை ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர் ஒருவர் எடுத்துச் சொன்னார். தொகுப்பில் அது இல்லை. அடுத்த பதிப்பில் சேர்க்க வேண்டும்.

நான்காம் வகுப்பு டேவிட் ஹியூம். 1740இல் வெளியான மனித இயல்பு பற்றிய ஆய்வுரையின் மூன்றாம் புத்தகத்தில், சொத்து இயற்கையின் கொடை அன்று, மனிதர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து மெல்ல மெல்லப் பழகிக்கொண்ட ஏற்பாடு என்கிறார். ஒரே படகில் துடுப்புப் போடும் இருவர் எந்த வாக்குறுதியும் இல்லாமலே ஒத்திசைவதை எடுத்துக்காட்டாகத் தருகிறார். நீண்ட காலம் கையில் இருந்ததே உரிமைக்குப் போதும் என்பதும் அந்த ஏற்பாட்டின் ஒரு விதி. இதே நூலில் அயலார் இருவர் சேர்ந்து பொதுவான புல்வெளி ஒன்றின் தண்ணீரை வடிப்பதைப் பற்றியும் எழுதுகிறார். இருவர் ஒத்துப்போவது எளிது. ஆயிரம் பேர் ஒத்துப்போவது இயலாது. ஆகவே பாலம் கட்டவும் வாய்க்கால் வெட்டவும் அரசு வேண்டும் என்பது அவர் முடிவு.

தலைப்பிலிருந்து கடைமடை வரை வாய்க்காலை நம்பி வாழும் ஊர்க்காரர்கள் முன் இந்த வாதத்தை வைத்தால் கூடம் அமைதியாக இருக்குமா? ஆண்டுதோறும் ஊர் கூடி வாய்க்கால் தூர்வாரும் குடிமராமத்து, ஆயிரம் பேர் ஒத்துப்போக முடியும் என்பதற்குச் சான்று என்றனர் சிலர். அதை நிலைநிறுத்தவே 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் தேவைப்பட்டது, ஆகவே ஹியூம் சொன்னதே சரி என்றனர் வேறு சிலர். மண்வெட்டி பிடித்தவர்கள் யார், வாய்க்காலால் பயன்பெற்ற நிலத்துக்கு உடையவர்கள் யார் என்று தொழிற்சங்கத்து அம்மா ஒருவர் கேட்டதும்தான் இரு தரப்பும் தயங்கி நின்றது. இந்த இடத்தில் ஆசிரியர் எலினார் ஆஸ்ட்ரமைக் கொண்டுவந்தார். பொதுவான மேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும் என்று 1968இல் கேரட் ஹார்டின் எழுதியதற்கு மறுப்பாக, வலென்சியாவின் பாசனச் சமூகங்களையும் பிலிப்பைன்ஸின் சங்ஹேரா பாசன அமைப்புகளையும் ஆராய்ந்து, விதிகளைத் தாமே வகுத்துத் தாமே கண்காணிக்கும் குழுக்கள் தலைமுறைகள் கடந்து நிலைக்கின்றன என்று 1990இல் காட்டியவர். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். சங்ஹேராக்கள் சிலவற்றில் ஒவ்வொரு பங்குக்காரருக்கும் வாய்க்காலின் தலைப்பிலும் நடுவிலும் கடையிலும் துண்டு துண்டாக நிலம் இருக்கும். தண்ணீர் குறைந்தால் எல்லோருக்கும் ஒருசேரக் குறையும். இதைக் கேட்டபோது, பங்காளிகளுக்குள் நிலங்களை அவ்வப்போது மாற்றிப் பிரித்துக்கொள்ளும் நம் ஊர்க் கரையீடு நினைவுக்கு வராதவர் அங்கே இருந்திருக்க முடியாது.

அந்தக் கரையீட்டை ஆறாம் வகுப்பு எடுத்துக்கொள்கிறது. அதற்கு முன் ஐந்தாம் வகுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரூசோ, புரூதோன், மார்க்ஸ் மூவரையும் ஒரே முற்பகலில் அடைத்தது தவறான திட்டமிடல். நிலத்தைச் சுற்றி வேலி போட்டு 'இது என்னுடையது' என்று முதலில் சொன்னவனைப் பற்றி 1755இல் ரூசோ எழுதியது எல்லோருக்கும் தெரியும். 1762இல் சமூக ஒப்பந்தத்தில் அவர் சொத்தை ஒழிக்கச் சொல்லவில்லை, எல்லோரிடமும் கொஞ்சம் இருக்கும்போதும் எவரிடமும் மிகுதியாக இல்லாதபோதும்தான் சமூக நிலை மனிதருக்கு நன்மை தரும் என்று எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. வகுப்பு முதலாவதில் நேரத்தைச் செலவிட்டு இரண்டாவதை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டது. 'சொத்து என்பது திருட்டு' என்று 1840இல் எழுதிய புரூதோன், பயன்படுத்துபவரின் கைவசத்தை ஆதரித்தார். பயன்படுத்தாமலே வாரமும் வட்டியும் வாங்கும் உரிமையைத்தான் திருட்டு என்றார். குத்தகைதாரர்கள் நிறைந்த கூடத்தில் இதைவிடப் பொருத்தமான பாடம் வேறென்ன இருக்கிறது? முழக்கத்தைச் சொல்லி முடித்துவிட்டார்கள். மார்க்ஸின் பகுதி சற்று மேல். தன் உழைப்பில் நிற்கும் தனியுடைமை வேறு, பிறர் உழைப்பில் நிற்கும் தனியுடைமை வேறு. இரண்டாவது முதலாவதை அழித்தே வளர்கிறது என்று 1867இல் மூலதனம் முதல் பாகத்தின் இறுதியில் அவர் காட்டுவதை, லாக்கின் வேலையாளோடு இணைத்துப் பேசினார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை ஆசிரியர் மிகக் குறைந்த சொற்களில் குறிப்பிட்டார். கூலி நெல் கூடுதலாகக் கேட்டதும் சங்கமாகத் திரண்டதும் சொத்துரிமைக்கு எதிரான குற்றமாக அன்று பார்க்கப்பட்டன என்ற ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

ஆறாம் வகுப்பு தொடரின் உச்சம். ஒரே வகுப்புக்கு மட்டும் வர முடியும் என்றால் இதற்கு வாருங்கள். சோழர், பாண்டியர் செப்பேடுகளில் நிலக்கொடைகள் 'காராண்மை மீயாட்சி உள்ளடங்க' வழங்கப்பட்டதிலிருந்து வகுப்பு தொடங்கியது. ஒரே வயலின் மேல் உழும் உரிமை ஒருவருக்கும், அதற்கு மேலான ஆட்சி உரிமை மற்றொருவருக்கும் இருக்கலாம். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறோம் என்று தனியே குறிப்பிட வேண்டிய நிலை இருந்தது. தேவதானம் என்பது கோயிலுக்குத் தரும் நிலக்கொடை. குடிநீங்காத் தேவதானம் என்றால் உழுகுடியை வெளியேற்றாத கொடை. குடிநீக்கிய தேவதானம் என்றால் வெளியேற்றிவிட்டுத் தந்தது. சொத்து என்பது ஒரு முழுப் பொருள் அன்று. வைத்திருத்தல், பயன்படுத்தல், வருமானம் பெறுதல், விற்றல், வாரிசுக்கு விடுதல் முதலிய உரிமைகளும் பொறுப்புகளும் கட்டிய கட்டு என்று ஆக்ஸ்போர்டு அறிஞர் ஏ. எம். ஹானரே 1961இல் எழுதியதை இதன்பின் வாசித்தபோது, அந்தக் கட்டின் ஒவ்வொரு இழைக்கும் கூடத்திலிருந்தவர்களே நம் பக்கத்து எடுத்துக்காட்டைச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்து மிராசு, அதாவது ஊர் நிலத்தில் வழிவழியாக வரும் பங்குரிமை. தஞ்சைப் பகுதியில் ஒருவரே முழு ஊரையும் வைத்திருந்த ஏகபோக ஊர்கள் உண்டு. பங்குகளை நிரந்தரமாகப் பிரித்துக்கொண்ட அறுதிக்கரை ஊர்கள் உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நிலங்களைப் பங்காளிகளுக்குள் மறுபடியும் மாற்றிப் பிரித்துக்கொண்ட கரையீட்டு ஊர்களும் உண்டு. மேட்டு நிலமோ கடைமடையோ எவருக்கும் நிரந்தரமாக விழுந்துவிடக்கூடாது என்ற நியாயம் அதில் இருந்தது. சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸ் 1818இல் மிராசு உரிமையைப் பற்றி எழுதிய விளக்கமும், குடியானவரோடு அரசு நேரடியாகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறையைத் தாமஸ் மன்றோ வலியுறுத்தியதும் வகுப்பில் எதிரெதிராக வைக்கப்பட்டன. பிரிட்டிஷ் ஆட்சிதான் தனிச்சொத்தைக் கொண்டுவந்தது, அதற்கு முன் எல்லாம் பொது என்ற நம்பிக்கையோடு வந்தவர்களும், எக்காலத்திலும் தனிச்சொத்தே இருந்தது என்று நினைத்து வந்தவர்களும் அன்று சேர்ந்தே திகைத்தார்கள்.

கரையீட்டை ஆசிரியர் புகழ்ந்ததோடு நிற்கவில்லை என்பதே இந்த வகுப்பின் பெருமை. பங்குகள் மிராசுதாரர்களுக்கு இடையேதான் சுழன்றன. பறைச்சேரியிலும் பள்ளச்சேரியிலும் இருந்தவர்களுக்கு அந்தச் சுழற்சியில் இடமில்லை. அவர்கள் நிலத்தோடு சேர்த்து எண்ணப்பட்டார்களே தவிர, நிலத்தின் பங்காளிகளாக எண்ணப்படவில்லை. பங்காளிகளுக்குள் இருந்த சமத்துவம், பங்காளி அல்லாதவர்களின் உழைப்பின் மேல் கட்டப்பட்டிருந்தது. பொதுவுடைமை என்றாலே நீதி என்று கருதுபவர்களும், தனியுடைமை என்றாலே சுதந்திரம் என்று கருதுபவர்களும் இந்த ஒரு செய்தியைத் தாண்டிப் போக முடியாது. ஆஸ்ட்ரமின் நூலைக் கொண்டாடும் இடங்களிலெல்லாம் இக்கேள்வியையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏழாம் வகுப்பு காண்டும் ஹெகலும். தொடரிலேயே மிக அவசரமான வகுப்பு இது, நடத்தியவரும் வேறொருவர். காண்ட் 1797இல் சொன்னது இது: அரசு அமையும் முன் எவர் வைத்திருப்பதும் தற்காலிகமே, ஒருவர் தனியாக நின்று மற்ற எல்லோர் மேலும் கடமையைச் சுமத்த முடியாது, எல்லோரும் இணைந்த பொது விருப்பமே உரிமையை உறுதியாக்கும். இதை நன்றாகவே விளக்கினார்கள். ஆனால் அதே நூலில் வீட்டு வேலைக்காரர்களையும் பெண்கள் அனைவரையும் வாக்குரிமை அற்ற செயலற்ற குடிமக்கள் என்று காண்ட் ஒதுக்குவதைச் சொல்லவில்லை. எல்லோருடைய பொது விருப்பம் என்பதில் 'எல்லோரும்' யார் என்று கேட்கக் கிடைத்த வாய்ப்பு வீணாயிற்று.

ஹெகலுக்கு நேர்ந்தது இன்னும் பெரிய இழப்பு. வெளியுலகில் தன் விருப்பத்தைப் பதிக்க ஓரிடம் இல்லாதவர் முழு ஆளாக முடியாது. சொத்து அதற்காகவே என்பது 1820இல் வெளியான அவருடைய உரிமைத் தத்துவத்தின் தொடக்க வாதம். இதை விளக்க 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடியிருப்பு உரிமைச் சட்டத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. நிலக்கிழாரின் மனையில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே உரிமையாக்கிய சட்டம் அது. கூலி கூட்டிக் கேட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லும் அச்சம் அதனால்தான் தளர்ந்தது. சில சென்ட் மனையால் விளைச்சல் எதுவும் வராது. நிமிர்ந்து பேசும் துணிவு வந்தது. ஹெகல் சொன்னதன் பொருளை ஒரு மாணவர் இதைக்கொண்டு நொடியில் பிடித்துவிடுவார். வகுப்பில் இந்தச் சட்டத்தின் பெயர்கூட வரவில்லை.

கோயில் நிலங்களையும் இங்கேதான் பேசியிருக்க வேண்டும். நம் பகுதியில் நன்செயின் பெரும்பரப்பு கோயில்களுக்கும் திருமடங்களுக்கும் உரியது. தெய்வத்தைச் சட்டம் ஒரு நபராகவே ஏற்கிறது. 1925இல், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டமும், 30 தர ஏக்கர் என்றிருந்த உச்சவரம்பு 1970இல் 15 ஆகக் குறைக்கப்பட்ட பின்னும், பொதுத்தன்மையுள்ள சமய அறக்கட்டளைகளின் நிலத்தை விட்டுவிட்டது. தலைமுறைகளாக உழும் குத்தகைதாரர் ஒருபுறம், உழவும் விற்கவும் எழுந்து வராத உரிமையாளர் மறுபுறம். உழைப்பைச் சொல்லும் லாக்கும், விருப்பத்தைச் சொல்லும் ஹெகலும், நீண்ட கைவசத்தைச் சொல்லும் ஹியூமும் இந்த ஒரு வயலில் வெவ்வேறு தீர்ப்புகளையே தருவார்கள். ஒரு முழு வகுப்புக்கு இது ஒன்றே போதும்.

எட்டாம் வகுப்பில் ஜான் ரால்ஸும் ராபர்ட் நோசிக்கும் மோதுகிறார்கள். தனிப்பட்ட உடைமை வைத்திருக்கும் உரிமை அடிப்படைச் சுதந்திரங்களில் ஒன்று, உற்பத்திச் சாதனங்களின் தனியுடைமை அப்படி அன்று என்று 1971இல் எழுதிய ரால்ஸுக்கு, நேர்மையாக வந்ததை நேர்மையாகக் கைமாற்றினால் விளையும் பங்கீடு எதுவானாலும் நியாயமே என்று 1974இல் நோசிக் பதிலளித்தார். என் தக்காளிச் சாற்றைக் கடலில் ஊற்றிக் கலந்தால் கடல் எனக்குச் சொந்தமாகுமா, சாறு வீணாகுமா என்று லாக்கின் வாதத்தை உரசிப் பார்த்தவரும் நோசிக்தான். ஆசிரியர் இருவருக்கும் நேர்மையாக நேரம் ஒதுக்கினார். எனினும் நோசிக்கின் மூன்றாவது விதியான, பழைய அநீதியைச் சரிசெய்தல் என்பது கடைசிப் பத்து நிமிடங்களுக்குத் தள்ளப்பட்டது. அதை நோசிக்கே விரிவாக எழுதவில்லை என்பது உண்மை. அதனாலேயே, அவர் விட்ட இடத்தை நாம் நிரப்ப வேண்டியிருக்கிறது. நேர்மையாக வராத நிலம் நான்கு கிரயம் கண்டபின் நேர்மையானதாகிவிடுமா? உடையவர்களே மனமுவந்து நிலம் தரக் கேட்டு வினோபா 1951இல் தொடங்கிய பூதானமும், ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் இணையர் 1981இல் நாகைப் பகுதியில் 'உழுபவருக்கு நில விடுதலை' என்னும் லாப்டி இயக்கத்தைத் தொடங்கி, நிலத்தை விலைக்கு வாங்கி நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் பதிந்ததும் இக்கேள்விக்குத் தரப்பட்ட இருவேறு விடைகள். முதலாவது உடையவரின் மனச்சாட்சியை நம்பியது. இரண்டாவது, சந்தையின் விதியை மீறாமலே சந்தை செய்யாததைச் செய்தது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பேசினால் நோசிக்கின் ஆதரவாளர்களுக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் பாதி நாள் போதாது.

தொடரில் அறவே இல்லாதவை இரண்டு. ஒன்று பெண்களின் சொத்து. இங்கிலாந்தில் மணமான பெண்கள் தம் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் தேவைப்பட்டன. தமிழ்நாட்டில் கூட்டுக் குடும்பச் சொத்தில் மணமாகாத மகள்களுக்கு மகன்களுக்கு இணையான பங்கு 1989இல் வந்தது, நாடு முழுவதும் மகள்களுக்கு 2005இல் வந்தது. நாற்று நடுவதும் களையெடுப்பதும் பெண்கள். பட்டாவில் பெயர் இருப்பது பெரும்பாலும் ஆண்களுக்கு. இதைப் பேசாமல் உழைப்பையும் உடைமையையும் பற்றி எட்டு வாரம் பேசுவது குறையே.

மற்றொன்று தண்ணீர். நதிநீரின் மேல் எந்த மாநிலமும் தனியுரிமை கோர முடியாது, அது நாட்டின் சொத்து என்று 2018 பிப்ரவரி 16 அன்று காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டுக்குப் பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்று பங்கையும் குறித்தது. ஊற்றில் ஓடும் நீர் எல்லோருக்கும் பொது, குடத்தில் மொண்ட நீர் மொண்டவருடையது என்று லாக் எழுதியதை வாசித்த வகுப்பு, ஆழ்துளைக் கிணற்றில் இறைத்த நீர் யாருடையது என்று கேட்காமல் விட்டது வியப்பாக இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் அப்படியே விடுபட்டிருக்கிறது. தன் நிலத்தில் என்ன செய்யலாம் என்பதைப் பொதுநலன் கருதி எந்த அளவுக்கு வரையறுக்கலாம் என்பதற்குப் படுகையில் இன்று இருக்கும் நேரடி எடுத்துக்காட்டு அதுவே.

வசதிகளைப் பற்றிச் சில சொற்கள். மாடிப்படி செங்குத்தானது, முதியவர்கள் பலர் வரும் வகுப்புக்குக் கீழ்த்தளத்தில் ஓரிடம் பார்ப்பது நல்லது. ஒலிபெருக்கி பின்வரிசைக்குத் தெளிவாகக் கேட்பதில்லை. வாசிப்புத் தொகுப்பின் தமிழ் பெரும்பாலும் சரளமானது. லாக், ஹியூம் பகுதிகள் மூலத்தை ஒட்டிச் செய்யப்பட்டிருக்கின்றன, ஹெகல் பகுதி மட்டும் இரண்டு முறை வாசித்தாலும் பிடிபடுவதில்லை. வகுப்புகளைச் சம்பா நடவு மும்முரமாக நடக்கும் வாரங்களில் வைத்ததால், பாதிக் கட்டணச் சலுகை யாருக்காக அறிவிக்கப்பட்டதோ அவர்களில் பலர் நடுவில் வர முடியாமல் போனார்கள். கோடையில், அறுவடை முடிந்து மேட்டூர் திறப்பதற்கு முன் உள்ள மாதங்களில் நடத்தினால் இந்தக் குறை தானாகவே நீங்கும். கட்டணம் நியாயமானது. தொகுப்பு மட்டும் வேண்டுபவர்களுக்கு 250 ரூபாய்க்குத் தனியாகவும் தருகிறார்கள்.

சட்டம் படிப்பவர்கள், நில வழக்குகளில் பழகியவர்கள், குத்தகை நிலம் உழுபவர்கள் ஆகியோர் தயங்காமல் சேரலாம். அரசியல் தத்துவத்தை முன்பே முறையாகப் படித்தவர்கள் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு ஆகிய வகுப்புகளுக்கு மட்டும் பதிந்துகொள்ள வசதி இருக்கிறது. அதற்குக் கட்டணம் 700 ரூபாய். அடுத்த தொடருக்கான பெயர்ப்பதிவு கூடத்திலேயே ஞாயிறு பிற்பகல்களில் நடக்கிறது. பதியும்போது ஏழாம் வகுப்பை இரண்டாகப் பிரிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.